கைக்கெட்டும் கிளைகள்

நபூல் நகரில் எங்கள் தெரு நெடுகக் கசப்பு ஆரஞ்சு மரங்கள். நகராட்சிக்காக அவற்றைக் கத்தரிப்பது என் வேலை, தற்காலிக வேலைதான். பாதசாரியின் தலையில் கிளை இடிக்கக் கூடாது என்பது சட்டம். அதன்படி கத்தரித்தால், பூவைப் பறித்துப் பன்னீர் போல வாசனைத் தண்ணீர் வடிக்கும் பெண்களின் கைக்கு அது எட்டாது. போன வசந்தத்தில் நசீஹா சித்தி நாற்காலி மேல் ஏறிப் பறிக்கப்போய் இடுப்பை ஒடித்துக்கொண்டாள். அதனால் இந்தக் குளிர்காலத்தில் கீழ்க்கிளைகளை வெட்டாமல் விட்டுவிட்டேன்.

வசந்தம் வந்து பூப்பறிப்பு தொடங்கும் அன்று காலை மேற்பார்வையாளர் சாத்லி வருவதாக இருந்தது. மரங்களைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவுசெய்வார்.

"அவர் போற வரைக்கும் யாரும் பறிக்க வேண்டாம், சித்தி. கீழ நின்னு பறிச்சா கிளை தாழ்வா இருக்கிறது தெரிஞ்சிடும்."

"சரிடா திஜானி. நாங்க உக்காந்திருக்கோம். உக்காரக் கூடாதுன்னு சட்டம் இல்லயே?"

மரத்தடியில் வெள்ளைத் துணிகளை விரித்து வைத்துக்கொண்டு வாசல்களில் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. பனி உலர்ந்தது. மொட்டுகள் ஒவ்வொன்றாக வெடித்து மணத்தன. எனக்குப் பேச்சில்லாத நேரம் பிடிக்கும். ஆனால் இந்த மௌனத்தில் எல்லோருடைய விரல்களும் துடித்துக்கொண்டிருந்தன.

"வெயில் ஏறுது. முழுசா விரிஞ்சிட்டா அந்தப் பூவுல வடிக்கிறது பூத்தண்ணியா, கழுவின தண்ணியா?" என்றாள் பக்கத்து வீட்டு முஞ்சியா. பூத்தண்ணீர் வடிக்கும் வாலையை அவள் ஏற்கெனவே அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"ஒரே ஒரு கிளை," என்று எழுந்தாள் சித்தி.

அவ்வளவுதான். தெருவே எழுந்தது. நான் தடுப்பதற்குள் துணிகளெல்லாம் பூவால் நிறைந்துவிட்டன. முனையில் கார் நின்றதை யாருமே கவனிக்கவில்லை.

சாத்லி நல்ல உயரம். என்னைப் பார்த்தபடியே வந்தவர் சித்தி வீட்டு முன் நடைபாதைக்கு மேல் தாழ்ந்திருந்த கிளையில் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டார். கோட்டு முழுக்கப் பூ கொட்டியது.

"அசையாதீங்க சார்!" என்று சித்தி கத்தினாள். "கீழ விழுந்தா மண்ணாயிடும்."

அவர் அசையவில்லை. தோளிலிருந்தும் காலரிலிருந்தும் அவள் பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். முஞ்சியா எட்டிப் பார்த்தாள்.

"சட்டைப்பையிலயும் இருக்கு சார். எடுத்துக்கவா, இல்ல வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா?"

யாரோ களுக்கென்று சிரிக்க, தெரு முழுக்கச் சிரித்தது. அவர் நெற்றியைத் தடவியபடி மரத்தைச் சுற்றி வந்தார். உள்ளே வெளிச்சம் விழும்படி வெட்டியிருந்ததை அண்ணாந்து பார்த்தார்; காயம் ஆறிய வெட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான் சார்."

"வெட்டு நல்லாத்தான் இருக்கு. நடைபாதைப் பக்கம் மட்டும் என் தலைக்கு மேல தூக்கிடு. இன்னிக்கே. வீட்டுப் பக்கம்..." வாசல்களைப் பார்த்தார். "வீட்டுப் பக்கம் நான் நடக்கப்போறதில்ல. திங்கக்கிழமை ஆபீசுக்கு வா. நிரந்தரம் பண்ணிடலாம்."

கார் திரும்புவதற்குள் நான் ரம்பத்தை எடுத்துவிட்டேன். அவரை இடித்த கிளையில் அதன் பல்லை வைத்தேன்.

"டேய், பொறு!" என்றாள் சித்தி. "பூவை எடுத்துக்கிறோம்."

ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் அவசரப்படவில்லை.