தனகோடியின் மூக்கு

தொண்ணூற்றெட்டில் ஆரணி பட்டு நெசவாளர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு, தறி முதலாளி தனகோடியை எதிர்த்து ராஜ்குமார் நின்றான். சொல்லிக்கொள்ள அவனிடம் ஒன்றும் இல்லாததால் போஸ்டர் அடிக்க முடிவு செய்தான்.

சேலைக்கு டிசைன் போடும் கிரண், யூதர்களை இழிவுபடுத்த நாஜிகள் ஒட்டிய போஸ்டர் ஒன்றை வரலாற்றுப் புத்தகத்தில் கண்டெடுத்தான். பார்டர் பூவைப் பெரிதாக்குவதுபோல் அதைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினான். கொக்கி மூக்கு, கூரிய நகங்கள், பணமூட்டை, மார்பில் ஆறுமுனை நட்சத்திரம்.

“இன்னாடா, முருகர் சக்கரத்தப் போட்டு வெச்சிகினுகீற? கும்புட்டுட்டு அவனுக்கே ஓட்டு குத்துவானுங்க. ஜல்தி அழி!” என்றான் ராஜ்குமார்.

நட்சத்திரம் மட்டும் போனது. ‘நெசவாளர் ரத்தம் குடிக்கும் தனகோடி’ என்று அடியில் எழுதி ஊரெங்கும் ஒட்டினார்கள். எங்கோ ஓர் இனத்தையே கொல்ல ஆள்சேர்த்த படம், இங்கே ஒரு சங்க நாற்காலிக்கும் உதவியது. தனகோடி தோற்றார்.

தனகோடிக்குச் சப்பை மூக்கு. அவர் தறியில் நெய்து, அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த ராஜவேலுவை மறுநாள் டீக்கடையில் பார்த்தார்.

“நீயுமா ராஜவேலு?”

அவன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

“கோச்சிக்காதீங்க மொதலாளி. மூக்கு கொஞ்சம் வளைஞ்சிதான் கீது. இத்தினி நாளா நான்தான் கவனிக்கல.”