நிரூபாவின் கல்யாணத்துக்கு வந்த பொலிஸ்காரர்கள்

என் மகள் நிரூபாவின் கல்யாண அட்டையில் 'பிரதம விருந்தினர்' என்று ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம். கல்யாணத்துக்குப் பிரதம விருந்தினர் எதற்கு என்று என் மனைவி மங்கையற்கரசி அச்சகத்தில் வைத்தே கேட்டாள். அவள் எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். பிறகு வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டுவாள்.

நான் போட்டது ரொறன்ரோவில் எங்கள் பார்க்டேல் வட்டாரக் கவுன்சிலரின் பெயர். வெள்ளைக்காரப் பெண்மணி. ஒரு தை மாதத்தில் எங்கள் கட்டடத்தில் ஹீற்றர் நின்றுபோனபோது நேரில் வந்து, கட்டடச் சொந்தக்காரரை வாசலில் நிற்க வைத்து ஏசியவர். அப்படிப்பட்ட ஆளை அழைத்தால் அட்டைக்கு ஒரு எடுப்பு வரும் என்று நினைத்தேன். ஒளிப்பானேன், எனக்குக் கொஞ்சம் பெருமை பிடிக்கும்.

அதோடு நின்றிருக்கலாம். நான் அப்போது ஒரு பொலிஸ் நிலையத்தில் கிளீனிங் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலையிடத்தில் ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. ஆகவே அட்டை ஒன்றை அவர்கள் சாப்பிடும் அறையின் பலகையில் குத்தி, கீழே ஆங்கிலத்தில் 'எல்லோரும் வருக' என்று எழுதிவைத்தேன். வரமாட்டார்கள் என்று நன்றாகத் தெரியும். சொன்னோம் என்று இருக்கட்டுமே.

அது 1994. கார்த்திகையில் மாநகரத் தேர்தல். பொலிஸ் மீதான முறைப்பாடுகளைப் பொதுமக்களும் இருந்து விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்று கவுன்சிலர் பேசிக்கொண்டிருந்தார். பொலிஸ்காரரின் சங்கத்துக்கு அது அறவே பிடிக்கவில்லை. அவர் போகுமிடமெல்லாம், வேலை நேரம் முடிந்த பொலிஸ்காரர் பத்துப் பன்னிரண்டு பேரைச் சங்கம் அனுப்பியது. நூலகத் திறப்பு விழா, முதியோர் இல்லத்துத் தேநீர், எல்லா வாசலிலும் நீலத் தொப்பியோடு நிற்பார்கள். துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். 'வந்தேறிகளால் குற்றம் பெருகுகிறது. உங்கள் கவுன்சிலர் யார் பக்கம்?' இதையெல்லாம் நான் பேப்பரில் வாசித்து, தலையை ஆட்டி, பக்கத்தைப் புரட்டியவன்தான்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ரெக்ஸ்டேலில் ஒரு மண்டபம். முகூர்த்தம் பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று ஐம்பது வரை. ஒன்பது மணிக்கு நான் பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்தால், பன்னிரண்டு நீலத் தொப்பிகள் இரண்டு வரிசையில் நிற்கின்றன.

ஊரில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்த எங்கள் சனத்துக்கு வாசலில் இரண்டு வரிசையாகப் பொலிஸ் நின்றால் என்ன நினைவு வரும்? முதலில் வந்த குடும்பம் காரை விட்டிறங்கி, கேட்காமலே வரிசையில் நின்று, அடையாள அட்டைகளை எடுத்து நீட்டியது. துண்டுப்பிரசுரத்தை நீட்டிய பொலிஸ்காரர் திகைத்துப்போனார். பின்னால் வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், குசினி வாசலால் சாம்பார் கிடாரங்களைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் தலைப்பாகை ஆடியது.

வரிசையில் கடைசியாக நின்ற நெடுத்த மனிதர் என்னைக் கண்டு முகம் சிவந்தார். அலெக்ஸாண்டர். அவருடைய மேசைக்குக் கீழேயுள்ள குப்பைக் கூடையை ஐந்து வருஷமாக நான்தான் கொட்டுகிறேன்.

"சிவா, இது உன்னுடைய மகளின் கல்யாணமா? கவுன்சிலர் வரும் விழா என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

சங்கம் கொடுத்த தாளைக் காட்டினார். விலாசத்துக்காக என் கல்யாண அட்டையையே போட்டோக்கொப்பி எடுத்திருந்தார்கள். மேலே பிள்ளையார் அழகாக விழுந்திருந்தார். கீழே என் கையெழுத்து: எல்லோரும் வருக. பூமி பிளந்தால் உள்ளே இறங்கியிருப்பேன்.

"போய்விடுங்களேன்" என்றேன்.

"பன்னிரண்டு மணிவரை நிற்க வேண்டும். சங்கத் தலைவர் அங்கே நிற்கிறார்" என்று கண்ணால் காட்டினார். தலைவர் கையில் ஒலிபெருக்கி இருந்தது.

உள்ளே, நேரத்தோடேயே வந்து முன் வரிசையில் இருந்த கவுன்சிலர் எழுந்து என்னிடம் வந்தார். தான் போய்விட்டால் அவர்களும் போய்விடுவார்கள், காரை எடுக்கிறேன் என்றார். எனக்கு அரை மனம். மங்கை குறுக்கே வந்தாள்.

"என்னப்பா, வந்த ஆளை வாசலால அனுப்பிறதோ? தாலி கட்டுறதைப் பாக்காமல், ஒரு வாய் சாப்பிடாமல் ஒருத்தரும் இஞ்சையிருந்து போகப்படாது. இருக்கச் சொல்லுங்கோ."

அழைக்கவே வேண்டாம் என்றவள் இவள்தான். கவுன்சிலரை நாற்காலியில் இருத்திக் கையில் ஒரு வடையையும் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒஷாவாவிலிருந்து ஒன்பதரைக்கு வந்திருக்க வேண்டும். பத்தாகியும் காணவில்லை. என் மகன் பிரியந்தன் ஓடிவந்தான். மாப்பிள்ளையின் கால் கழுவ வேண்டிய தோழன் அவன்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

"அப்பா, they're across the road. டோனற் கடை பார்க்கிங்ல. அங்கிள் காரை விட்டு இறங்கமாட்டாராம்."

நான்கு தடம் போகும் பெருவீதி அது. எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. பூச்சுற்றிய காரின் முன் சீற்றில் சம்பந்தி சச்சிதானந்தன் இருந்தார். மடியில் தாலிப்பெட்டி. அவருடைய அகதி வழக்கு தள்ளுபடியாகி, அப்பீலில் இருந்தது. ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோகப்பட்டு எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர். நீலத் தொப்பிகளைத் தூரத்தில் கண்டதும் காரைத் திருப்பச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணை, உவங்கள் உங்களுக்கு வந்தவங்கள் இல்லை. உது கவுன்சிலருக்கு" என்றேன்.

"சிவபாதம், அங்கையும் உப்பிடித்தான் சொன்னவங்கள், வேற ஆளுக்கெண்டு." தாலிப்பெட்டியை என்னிடம் நீட்டினார். கை நடுங்கியது. "பொடியனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இதிலயே இருக்கிறன். தாலி கட்டினாப் போதும் எனக்கு."

பின்சீற்றில் இருந்த மாப்பிள்ளை வாகீசன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தான். "அப்பா வராட்டில் நானும் வரேல்லை, மாமா."

எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது. இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது. நேரம் பத்தே முக்கால். திரும்ப வீதியைக் கடந்து வந்து மங்கையிடம் சொன்னேன். ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மாப்பிள்ளையை வரவேற்க வைத்திருந்த ஆலாத்தித் தட்டைத் தூக்கினாள்.

"அவை வரேலாட்டில் நாங்கள் போவம். எழும்புங்கோ எல்லாரும்!"

நானூறு பேர் எழுந்தார்கள். அப்போது ரொறன்ரோவில் மேளக்காரருக்குத் தட்டுப்பாடு. எங்களுக்குக் கிடைத்தது நாதஸ்வரக் கசெற்தான். பிரியந்தன் ரேப் ரெக்கோடரைத் தோளில் வைத்து, சத்தத்தை உச்சத்துக்குத் திருகினான். ஆலாத்தி எடுக்கும் பெண்கள் இருவர் முன்னால். கவுன்சிலரும் பாதி வடையோடு நடுவில். குசினி வாசலால் பதுங்கி வந்த சனமெல்லாம் பெரிய வாசலால் வெளியே வந்தது. இரண்டு வரிசைத் தொப்பிகளும் தாமாகவே விலகி வழி விட்டன.

வீதி ஓரத்தில் நின்றுவிட்டோம். ஒரு லொறி போனால் அடுத்தது வந்தது. மங்கை தட்டில் எரியும் திரியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அலெக்ஸாண்டர் தன் கையிலிருந்த துண்டுப்பிரசுரங்களை என்னிடம் தந்தார். "கொஞ்சம் பிடி" என்றார். நடுவீதிக்கு இறங்கி இரண்டு கைகளையும் உயர்த்தினார். லொறி கிரீச்சிட்டு நின்றது. மற்றப் பக்கத்தை மறிக்க இன்னொரு தொப்பி ஓடியது. பிறகு மூன்று, நான்கு. தலைவர் ஒலிபெருக்கியில், "நீங்கள் இப்போது கடமையில் இல்லை! உங்களை யார் போகச் சொன்னது?" என்று கத்தினார். பிரியந்தனின் நாதஸ்வரம் அவரை அமுக்கிவிட்டது.

டோனற் கடை வாசலில் மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தோம். கால் கழுவக் கடைக்காரப் பெண் வெந்நீரே கொண்டுவந்தாள். வாகீசன் துள்ளிக் குதித்தான், எல்லோரும் சிரித்தோம். மங்கை கார்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணை, இறங்குங்கோ. நானூறு பேர் சுத்தி வாறம். இத்தினை பேரைத் தாண்டி உங்களை ஆர் தொடுறது?"

சச்சிதானந்தன் எங்களைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். அங்கே பொலிஸ்காரர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார்களை மறித்தபடி நின்றார்கள். அவர் நெடுநேரம் அந்த முதுகுகளையே பார்த்தார். பிறகு தாலிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். சனம் போட்ட சத்தத்தில் கசெற்றே கேட்கவில்லை.

மண்டபத்துக்குள் போனபோது பதினொன்று ஐந்து. ஐயர் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். தாலியும் கூறைச்சேலையும் வைத்த தட்டைச் சபையோர் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டும். யாராவது ஒரு தம்பதி கொண்டு போவது வழக்கம். சச்சிதானந்தன் தட்டைத் தானே எடுத்தார். வரிசை வரிசையாகக் கொண்டுபோனார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். கவுன்சிலரும் வடைக் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டார். கடைசி வரிசை முடிந்ததும் மணவறைக்குத் திரும்ப வேண்டியவர், நேரே வாசலுக்கு நடந்தார்.

"அண்ணை, நேரம் போகுது!" என்று மங்கை கத்தினாள்.

நான் பின்னால் ஓடினேன். வாசலில் அலெக்ஸாண்டர் தனியாக நின்று தொப்பியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவரும் மற்றவர்களும் வாகனத்தடியில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சச்சிதானந்தன் அவருக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய உயரம் அலெக்ஸாண்டரின் சட்டைப் பைவரைதான். தட்டை உயர்த்திப் பிடித்தார்.

"ரச்" என்றார், தொடச் சொல்லி. தெரிந்த ஆங்கிலத்தைத் தேடினார். "மை சன். லோங் லைஃப்."

அலெக்ஸாண்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் காற்சட்டையில் இரண்டு தடவை துடைத்து, ஒரு விரலால் தாலியைத் தொட்டார். சுடும் என்று பயந்தவர்போல எடுத்துக்கொண்டார்.

கூறை மாற்ற வழக்கமாக அரை மணி நேரம் எடுக்கும். நிரூபா பத்து நிமிடத்தில் உடுத்தி வந்தாள், அவள் வாழ்க்கையில் அது ஒரே தடவை. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வாகீசன் தாலி கட்டினான். நான் அழுதேன். மங்கை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆனால் அதற்கு முன்பு, வாசலிலிருந்து மணவறைக்கு வரும் வழியில், சச்சிதானந்தன் என் காதருகே எட்டிச் சாய்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சிவபாதம், கண்டனீங்களோ? கை நடுங்கினது அவனுக்கு."