இரண்டு மணிக்கு ஓடும் மெஷின்

எங்கள் தெருவில் இரண்டு கட்சி. ஒன்று குடைக்கட்சி, இன்னொன்று படகுக்கட்சி. இரண்டுக்கும் கொடி தைப்பது நான்தான். அதே கால் மெஷின், அதே நூல்கண்டு. இதை வாய்விட்டுச் சொன்னால் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பதால் சொல்வதில்லை. மருந்துக்கடைக்காரர் குடைக்குத் தலைவர், பேக்கரிக்காரர் படகுக்கு. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு தேர்தலில் இவர் கடைக் கண்ணாடியை அவர் ஆட்கள் உடைத்தார்கள், அவர் அடுப்பில் இவர் ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒருவர் நடைபாதையில் வந்தால் மற்றவர் ரோட்டில் இறங்கி நடப்பார்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் ஒன்றே ஒன்று. சேர்ந்து என்றால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். என் தையல்கடைக்கு நேரெதிரே, முன்பு பஸ் டிக்கெட் விற்ற கூண்டு ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் பலகை அடித்து அலமாரி ஆக்கினார்கள். முடிந்தவர்கள் காலையில் கொண்டுவந்து வைக்கலாம், இல்லாதவர்கள் மத்தியானம் வந்து எடுத்துக்கொள்ளலாம். யார் வைத்தது, யார் எடுத்தது என்று யாரும் கேட்கக்கூடாது. பேக்கரியிலிருந்து ரொட்டி வரும். மருந்துக்கடையிலிருந்து சோப்பும் பால்பவுடர் டின்னும் வரும். குடைக்கட்சி வீட்டுப் பிள்ளைகள் படகுக்கட்சி ரொட்டியைத் தின்று வளர்ந்தார்கள், ரொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாசலுக்குத் திரை தைத்தது நான். கொடித் துணியில் மிச்சம் விழுந்ததை ஒட்டுப்போட்டுத் தைத்தேன். எந்த நிறம் மேலே என்று அதற்கும் ஒரு சண்டை வந்தது. எரிச்சலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி, சாம்பல் நிற லைனிங் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டேன். துணி மட்டும் போதவில்லை. உள்ளே நிற்பவரின் காலும் உடுப்பின் கீழ் விளிம்பும் வெளியே தெரியும்.

இந்தத் தெருவில் பாதிப் பேருடைய விளிம்பு என் கையால் மடித்தது. அதனால் உள்ளே யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரியக்கூடாது என்றுதான் இரண்டு மணிக்கு நான் தலையைக் குனிந்து மெஷினை மிதிக்க ஆரம்பிப்பேன். நாளாவட்டத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. மெஷின் சத்தம் கேட்டால் தையல்காரி பார்க்கவில்லை, போகலாம் என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தைக்க ஒன்றும் இல்லாத நாளில்கூட வெறும் துணியை வைத்து ஓட்டுவேன்.

ஆனாலும் நான் கல் இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற ஒரு நீலக் கவுனின் விளிம்பு எனக்குத் தெரியும். அந்தக் கவுன்காரிக்கு ஒரு கால் அரை இஞ்ச் குட்டை. நிற்கும்போது நேராகத் தெரியட்டும் என்று விளிம்பை வேண்டுமென்றே கோணலாக மடித்துக் கொடுத்தேன். அவள் கீழ்ப் பலகைக்குக் குனிந்தால் கோணல் வெளியே வந்துவிடும். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி அது. அவள் பேக்கரிக்காரர் மனைவி.

அவளுடைய மூத்த மகள் குடைக்கட்சி வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தன் வீட்டிலிருந்து ஒரு துணுக்கு ரொட்டிகூட அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று பேக்கரிக்காரர் தெருவறியச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் வீட்டு அலமாரிச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டார். மகளுக்குக் குழந்தை பிறந்தது. மருமகனுக்கு வேலை போனது. மகளுக்குப் பால் சுரக்கவில்லை. அளவு கொடுக்க வந்த அன்று அம்மாக்காரி இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, கூண்டைக் காட்டி, "அங்க வெச்சது யார் வீட்டுதும் இல்லல்ல அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

போன மாதம் மருந்துக்கடைக்காரர், தான் வைக்கிற டின்னைப் படகுக்காரன் எடுத்து விற்கிறான் என்று கிளப்பிவிட்டார். விற்கிறவன் குடைக்காரன்தான் என்று பேக்கரியிலிருந்து பதில் வந்தது. ஒரு வாரம் தெருவே கொதித்தது. பிறகு ஒரு நாள் காலை, நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். பதினோரு வருஷத்தில் அவர்களை ஒரே கூரைக்குக் கீழே நான் பார்த்தது அன்றுதான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பூட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டாயிற்றாம். இன்றைக்கு இரண்டு மணிக்கு இரண்டு பேரும் என் கடையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களாம். நீங்கள் தினமும் எதிரே இருக்கிறீர்களே, ஒன்றும் பார்த்ததில்லையா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். கால் மட்டும்தான் தெரியும், காலை வைத்து என்ன கண்டுபிடிப்பது என்று துடுக்காகச் சொல்லிவிட்டேன். பேக்கரிக்காரர் திரும்பித் திரைக்குக் கீழே இருந்த அந்த இடைவெளியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வாயை நானே தைத்திருக்கலாம்.

அவளிடம் சொல்லப் பன்னிரண்டு மணிக்கு ரொட்டி வாங்குகிற சாக்கில் பேக்கரிக்குப் போனேன். அவர் கல்லாவில் இருந்தார், வீட்டுக்குப் போகும் மாடிப்படி அவர் முதுகுக்குப் பின்னால், பின்சந்துப் படியில் அவர் ஆட்கள் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். போனால் போகட்டும், மெஷின் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மெஷின் ஓடாவிட்டால் அவள் வரமாட்டாள்.

இரண்டு மணிக்கு இரண்டு பேரும் கடைக்குள் துணி பீரோ மறைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் கையால் பட்டன் தைத்தேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

"மெஷினை ஓட்டலியாம்மா?" என்றார் பேக்கரிக்காரர்.

ஊசி உடைந்துவிட்டது என்றேன். உடைந்த ஊசியைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை அவர். எழுந்து வந்து, டப்பாவிலிருந்து புது ஊசியை எடுத்து, என் கையில் வைத்தார்.

"உங்க சத்தம் கேட்டாத்தான வருவாங்க. ஓட்டுங்க."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கும்? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அடித்தா விடுவார்? ஏன் மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். ஊசியை மாட்டி மிதிக்க ஆரம்பித்தேன்.

எதிர்ச்சாரியில் முதலில் ஒரு கிழவனாரின் செருப்பு போனது, ரொட்டியோடு வந்தது. மருந்துக்கடைக்காரர் ரொட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு வராதே, வராதே என்று நூலைப் பார்த்துக்கொண்டே முனகினேன். நிமிர்ந்தபோது திரைக்குக் கீழே நீலக் கவுன் நின்றது.

என் கால் நின்றுவிட்டது.

நின்றது ஒரு கணம்தான், உடனே மிதித்துவிட்டேன். அந்த ஒரு கணம் போதுமே. மருந்துக்கடைக்காரர் முன்னால் சாய்ந்து, யாருடையது டெய்லரம்மா, நீங்கள் தைத்ததா என்று கேட்டார். என் தையல் இல்லை என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். பேக்கரிக்காரர் திரையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகத் திரும்பி எதிரே பார்த்தார். உள்ளே அவள் குனிந்தாள், விளிம்பு ஒருபக்கம் சரிந்தது.

மருந்துக்கடைக்காரர் போய்த் திரையை விலக்கிப் பார்க்க எழுந்தார். பேக்கரிக்காரர் அவர் தோளில் கை வைத்தார்.

"விடுங்க சார். யாரோ பாவம். எடுத்துட்டுப் போகட்டும்."

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷம் வீணாக்கிவிட்டோமே என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். சனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். படகும் குடையும் ஒன்றாகிவிட்டது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். நான் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பேக்கரிக்காரர் இரண்டு பெரிய பைகளோடு கூண்டுக்கு வந்தார். எல்லாரும் பார்க்க, ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் அடுக்கினார். நல்ல துணிகள், இஸ்திரி போட்டு மடித்தவை. இவ்வளவு பெரிய மனசா என்று மருந்துக்கடைக்காரர் என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆள் நடமாட்டம் குறைந்ததும் நான் உள்ளே போனேன். ஏழு கவுன். ஏழு விளிம்பும் கோணல். அடியில் ஒரு ஜோடி செருப்பு, ஒன்றில் அடித்தோல் கொஞ்சம் தடிப்பு.

அவளுக்கு இதுவரை நான் தைத்துக் கொடுத்ததே ஏழுதான்.

நேராக மருந்துக்கடைக்குப் போய் விஷயத்தை உடைத்துச் சொன்னேன்.  அவர் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். "குடும்ப விஷயம்மா அது. இப்பத்தான் தெரு ஒத்துமையாச்சு. நீங்க எதையாவது பேசிக் கெடுத்துடாதீங்க" என்றார். முந்தின நாளாக இருந்தால் படகுக்காரன் அநியாயத்தைப் பார் என்று தானே ஊரைக் கூட்டியிருப்பார். பகையாகவே இருந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பேக்கரிக்குப் பின்னால் சந்து. மாடிக்கு அந்த வழியிலும் படி உண்டு. ஏறிப் போனேன். கதவில் வெளிப்பூட்டு. மெதுவாகத் தட்டினேன்.

"அக்காவா?" உள்ளே தரைக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கதவோரமாக உட்கார்ந்திருக்கிறாள் போல.

நான்தான், நான்தான் மெஷினை ஓட்டினேன், என்னை மன்னித்துவிடு என்று அழுதுவிட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே இல்லை.

"டின் இருக்கா அக்கா? நேத்து எடுத்தத அவர் வாங்கிக் கொட்டிட்டாரு. பாப்பாவுக்கு நேத்தே தீந்திருக்கும்."

இருக்கிறது என்றேன். கீழே பேக்கரியில் அவர் யாரையோ விசாரித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. போங்கள் அக்கா, போங்கள் என்றாள்.

கடைக்குத் திரும்பியபோது மணி ஒன்றேமுக்கால். கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, நேற்று உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.   இரண்டு மணி ஆனது. மெஷினைத் தொடாமல் எழுந்தேன். தெருவைக் கடந்து, திரையை விலக்கி உள்ளே போனேன்.

கீழ்ப் பலகையில் டின் இருந்தது. குனிந்து எடுத்தேன். என் பாவாடை விளிம்பும் காலும் திரைக்குக் கீழே வெளியே தெரிந்துகொண்டிருக்கும். தெரியட்டும். டின்னை மறைக்கப் போவதில்லை, மகள் வீட்டுக்குப் போய் உன் அம்மாவைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அப்போது எதிரே என் மெஷின் ஓட ஆரம்பித்தது.

பேக்கரிக்காரரின் பழக்கமில்லாத கால். விட்டு விட்டு, தடுமாறி, பிறகு சீராக. பார்க்கவில்லை, போகலாம் என்கிற அதே சத்தம். டின்னை மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கடைப்பக்கம் திரும்பாமல் நடந்தேன். தெருமுனை வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.