பதின்மூன்று கடிதங்கள்

வேட்புமனுவைக் கையளிக்க இன்னும் இருபத்திரண்டு மணித்தியாலம் இருந்தது. அப்போதுதான் வேட்பாளருக்கு இந்த ஊரில் வாக்கே இல்லை என்பது தெரியவந்தது.

வேட்பாளர் நிஸாம். அக்கரைப்பற்றில் பிறந்தவர். ஸுஹைறாவைக் கலியாணம் முடித்துக் கல்முனைக்கு, அவளுடைய வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். மாநகர சபைத் தேர்தலுக்கென்று சுயேச்சைக் குழு ஒன்றை அமைத்திருந்த றஸாக் சேர், கடற்கரை வட்டாரத்துக்கு நிஸாம்தான் என்று பள்ளிவாசல் முற்றத்தில் வைத்தே சொல்லியிருந்தார். யாரும் மறுக்கவில்லை.

இன்று பகல் இரண்டு மணிக்கு ஸுஹைறாவின் வீட்டுக் கூடத்தில் படிவங்களைப் பரப்பினார்கள். குழுவின் எழுத்து வேலையெல்லாம் றிஸ்கானுடையது. வாக்காளர் இடாப்பில் விரலை வைத்து இறங்கி வந்தான். ஸுஹைறாவின் வாப்பா பேர் இருந்தது, உம்மா பேர் இருந்தது, ஸுஹைறாவின் பேர் இருந்தது. அதற்குக் கீழே அடுத்த வீடு.

“என்ன மச்சான், ஒன்பது வருஷமா விருந்துக்கு வந்தா இருக்கிறீங்க?” என்றான்.

குசினி வாசலில் நின்ற ஸுஹைறாவுக்கு எல்லாம் நினைவு வந்தது. வருஷா வருஷம் கிராம சேவகர் கொண்டுவரும் படிவத்தை நிரப்புகிறவள் அவள்தான். முதல் வருஷம் நிஸாமின் பேரை எழுதப் பேனையை எடுத்தபோது மாமி வந்திருந்தா. மகனைத்தான் தந்திட்டன், பேராவது எங்கட வீட்டில கிடக்கட்டும் என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா, ஆனால் கண் சிரிக்கவில்லை. ஸுஹைறா பேனையை மூடிவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் நிஸாம் முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போய் வாக்களித்து, உம்மாவின் கையால் பகல் சாப்பாடும் சாப்பிட்டு, விரலில் மையோடு திரும்பி வருவார். தேர்தல் கேட்கிற சபையின் இடாப்பில் பேர் இருக்கவேண்டும் என்பது இந்த இரண்டு கிழமையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் மாப்பிள்ளை ஊர் ஆள்தானே.

றஸாக் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஆள் பார்க்கவேண்டும் என்றார். றிஸ்கான் யோசிக்கவே இல்லை, முஸ்தாக்கைப் போடுவோம் என்றான்.

தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த ஸுஹைறா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முஸ்தாக் கெட்டவர் இல்லை. கலியாண வீட்டுக்குக் கேளாமலே கதிரை அனுப்புகிறவர். ஆனால் அவருடைய மதில் வடிகானுக்கு மேலே நிற்கிறது. கார்த்திகை மழைக்கு, இவர்கள் வீடு இருக்கிற ஒழுங்கையின் தண்ணீரெல்லாம் அந்த மதில் வரைக்கும் போய், திரும்பி வீடுகளுக்குள் வரும். அந்த வடிகான் கடலுக்குப் போகவேண்டும். மூன்று வருஷமாக அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். முஸ்தாக் கவுன்சிலராக வந்தால் தன் மதிலைத் தானே இடிக்கப் போவதில்லை.

றஸாக் சேர் உடனே தலையாட்டவில்லை. தன் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்தார். நிஸாமை ஏன் பிடித்தேன் தெரியுமா என்று றிஸ்கானைக் கேட்டுவிட்டு, சத்தமாக வாசித்தார். நவம்பர் இருபத்தாறு, காலை ஆறு பத்துக்கு ஒழுங்கை முகப்பில் தண்ணீர் பதினொரு அங்குலம். ஏழு நாற்பதுக்குப் பதினான்கு. மழை நின்று இரண்டு நாளாகியும் ஒன்பது அங்குலம். இப்படி நிஸாமின் பேரில் பதின்மூன்று கடிதம் சபைக்குப் போயிருந்தது. இரண்டு தெருவிளக்கு வந்ததும் அந்தக் கடிதங்களால்தான்.

“இந்த ஆள் வாயத் திறந்தா ரெண்டு சொல்லுக்கு மேல வராது. எழுதினா ஆணையாளரே எழும்பி நிப்பார். இப்படி ஒராள முஸ்தாக்குக்குள்ள எங்க தேடுற?” என்றார்.

நிஸாமின் காது சிவந்தது. யாராவது அந்தக் கடிதங்களைப் புகழ்ந்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான். அவர் குசினிப் பக்கம் திரும்பி ஸுஹைறாவைப் பார்த்தார். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவள் வாக்கு வாங்கியிருந்தாள். தன் பேர் சபைக் கந்தோரில் மேசைக்கு மேசை போவதை நினைத்தாலே அவளுக்குக் கூச்சம். மூன்று வருஷமாக அவர் வாக்கைக் காப்பாற்றினார். இப்போதும் அதை மீறவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அவளுடைய பேர் ஏற்கெனவே கூடத்து மேசையில், இடாப்பிலும் படிவத்திலும் கிடந்தது. வட்டாரத்தில் நேரே நிற்காதவர்களுடைய மேலதிகப் பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று றிஸ்கான் போன கிழமை வந்து அவளிடமும் கையெழுத்து வாங்கியிருந்தான். பேர் மட்டும்தான், நீங்க ஒரு இடமும் வரத் தேவையில்ல என்று சொல்லியிருந்தான்.

இப்போது றிஸ்கான் முஸ்தாக்குக்கு அழைக்கப் போனை எடுத்தான்.

ஸுஹைறா கூடத்துக்குள் வந்தாள். தட்டத்தைப் படிவங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பிப் போகவில்லை. முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“என்ன மகள்?” என்றார் றஸாக் சேர்.

நிஸாம் எழும்பித் தன் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தப் பதின்மூண்டு கடிதமும் நான் எழுதினது சேர். இவர் கையெழுத்து மட்டும்தான் வெச்சார்.”