ஈரத்தில் ஓடிய கலப்பை

என் நிலத்தில் கம்பி இறங்காது. விரல் தடிமன் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. இரண்டு கையாலும் அழுத்தினால் ஒரு சாண் போகும், அப்புறம் 'ணங்' என்று நின்றுவிடும். சுரங்கக்காரர்கள் பதினொரு வருஷம் தோண்டிவிட்டு, குழியை மூடி, மேலே மண்ணைப் பரப்பித் திருப்பிக் கொடுத்த நிலம் அது. பரப்பிய மண்மேல் எத்தனை லாரி ஓடியதோ, மேலே பார்த்தால் வயல், கீழே சிமெண்ட் தரை. நான்கு வருஷமாக மக்காச்சோளம் முழங்காலுக்கு மேல் வளராமல் மஞ்சளடித்துச் சாகிறது.

அந்தத் தரையை உடைக்க ஆழ உழவுக் கலப்பை ஒன்றுதான் வழி. மண்ணைக் கிழிக்க இடுப்பு உயரத்துக்கு மூன்று இரும்புக் கொழு, இழுக்க ஒரு ராட்சச டிராக்டர். திருப்பிக் கொடுத்த நிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து சுரங்க அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பட்டியலில் என் முறை வர நான்கு வருஷம் ஆனது. அதற்கு முந்தின நாள் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது.

டிராக்டர் டிரைவர் இறங்கி ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அது உடையாமல் திரி மாதிரி நீண்டது.

"இந்த ஈரத்துல ஓட்டினா கொழு போன கோடு மட்டும்தான் மிஞ்சும். மண்ணு காஞ்சிருந்தாதான் அடியில பாளம் பாளமா வெடிக்கும். மேட்டு நிலத்துக்காரங்க யார்கூடயாவது முறைய மாத்திக்குங்க. அங்க இன்னைக்கே ஓட்டிடறேன்."

மேட்டு நிலத்துக்காரன் என் தம்பி. அவன் முறை பதினைந்து நாள் கழித்து. அவன் பக்கம் மணல் கலந்த மண், மழை பெய்த சுவடே தெரியாது. நிலம் திரும்பி வந்தபோது சீட்டுப் போட்டுத்தான் பிரித்தோம். மேடு அவனுக்கு விழுந்தது, பள்ளம் எனக்கு. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

"ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் என் மனைவி.

"அவன்கிட்ட போயி கையேந்தச் சொல்றியா? நீங்க ஓட்டுங்க டிரைவர், என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஏறி உட்கார்ந்தார்.

டிரைவர் சொன்னது அப்படியே நடந்தது. வெண்ணெயில் கத்தி போன மாதிரி மூன்று மூன்று கோடு. அடுத்த மழைக்குக் கோடுகளில் தண்ணீர் நின்றது. கோட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கம்பியை அழுத்தினால் அதே 'ணங்'. இனி என் முறை வர இன்னும் நான்கு வருஷம். டிரைவர்மேல், மழைமேல், பட்டியல் எழுதியவன்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் யாரும் 'அப்பவே சொன்னோமே' என்றுகூடக் குத்திக் காட்டவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தம்பி நிலத்தில் பதினைந்து நாள் கழித்து ஓட்டினார்கள். ஒரு மத்தியானம் அவன் இல்லை என்று நினைத்துக் கம்பியோடு வரப்பைத் தாண்டினேன். வழக்கம்போல் முழு பலத்தோடு அழுத்தினேன். கம்பி பிடி வரைக்கும் சரக்கென்று இறங்க, நான் மண்டியிட்டு விழுந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அடி பட்டுச்சா அண்ணா?"

தம்பி பின்னால் நின்றுகொண்டிருந்தான். நான் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு உன் வயல்ல டிராக்டர் நின்னுச்சு, டிரைவர் மண்ண உருட்டிப் பாத்தாரு, எல்லாம் தெரிஞ்சுது. நீ கூப்பிட வருவேன்னு சட்டைய மாட்டிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன்."

"நீ வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா, 'என் முறையையும் பிடுங்க வந்துட்டியா'ன்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். அவன் என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.