நிறைந்தபடி திரும்பி வந்த பாட்டில்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1997இல் இராஜபாளையத்தில் நான் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மாள் அரவிந்தவல்லி. ஊறுகாய்க்குப் பேர்போனவர் என்று தெருவே சொன்னது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய புகுந்த வீட்டார் யார் வந்தாலும் அந்தப் பேச்சை எடுக்காமல் போவதில்லை. ஆனால் அவர் வீட்டுக் குப்பைக்கூடையில் நான் பார்த்ததெல்லாம் கடை ஊறுகாய்க் கவர்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கேட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் சொன்னார், அதையும் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை ஏழு பாட்டில் என்றார். இரண்டாம் தடவை ஒன்பது. பாட்டில் எண்ணிக்கையிலேயே இப்படித் தடுமாறுகிறவர் மற்றதை மட்டும் நேராகச் சொல்லியிருப்பாரா? எட்டு என்று வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஏழு என்றே வைத்துக்கொண்டேன்.

(நேரில் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் நுழைந்ததும் 'அவள்' ஆகிவிடுவார். அந்த மரியாதைக்குறைவு என்னுடையது.)

2

முதல் தொடக்கம்: சித்திரை வெயிலில் மொட்டைமாடி முழுக்க மாங்காய் வாசனை வீச

வேண்டாம். மாங்காய் வாசனையில் ஆரம்பித்தால் நீங்கள் உடனே எதற்காகவோ ஏங்கத் தொடங்கிவிடுவீர்கள். இதில் ஏங்குவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில்களும் மேஜையின் மேல் வரிசையாக, குற்றவாளிகளைப் போல

இதுவும் வேண்டாம். பாட்டில்கள் என்ன தப்பு செய்தன?

சரி, நேராகவே சொல்கிறேன். அரவிந்தவல்லி பேண்டேஜ் கம்பெனி ஒன்றின் ஆபீசில் டைப்பிஸ்ட். கணவர் ஹயக்ரீவன் மில்லில் கிளார்க். கல்யாணமாகி வந்த புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவளை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். ஆபீசுக்குப் போகிறவளுக்கு அடுப்படி எங்கே தெரியப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். அதை வாய்விட்டும் சொன்னார்கள். விசேஷத்துக்குப் போனால் தேங்காய் துருவுகிற வேலைகூட அவள் கைக்கு வராது. 'நீ உட்காரு, உனக்குப் பழக்கமிருக்காது' என்று மூத்த ஓர்ப்படி, ஹயக்ரீவனின் அண்ணன் மனைவி பத்மாசனி சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பை அரவிந்தவல்லியால் மறக்க முடியவில்லை.

1984 சித்திரையில் அவளிடமிருந்து அந்த வீட்டுக்கு ஊறுகாய் போனது. அதோடு எல்லாம் மாறிவிட்டது. அரவிந்தவல்லியின் ஆவக்காய் என்றால் தயிர்சாதத்துக்கு வேறெதையும் தொட மாட்டோம் என்று ஆனார்கள். வருஷத்துக்கு ஏழு பாட்டில். மாமனார் வீட்டுக்கு ஒன்று, பத்மாசனிக்கு ஒன்று, நாத்தனார்கள் இருவருக்கு, மற்றது சிநேகிதர்களுக்கு. ஒவ்வொரு பாட்டிலின் மூடிக்கு மேலும் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைக் காஸ் துணி சுற்றி நூலால் கட்டியிருக்கும். கம்பெனியில் வெட்டி ஒதுக்கிய துண்டுத் துணி, கேட்டு வாங்கியது. ஊறுகாய்ப் பாட்டிலுக்குக் கட்டு போட்டிருக்கிறாளே, அடிபட்டுவிட்டதா என்று மாமனார் கேலி செய்வார். அவர் கேலி செய்கிற மருமகள்களில் தானும் ஒருத்தியாகிவிட்டதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பாட்டிலை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அந்த வீடுகளின் வழக்கம். கல்கண்டு, கோதுமை ரவை, பால்கோவா என்று ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை. நாலு வருஷத்தில் அரவிந்தவல்லி அந்த வீட்டு ஆளாகிவிட்டாள். கல்யாணச் சமையலுக்குக்கூட அவளிடம் யோசனை கேட்டார்கள்.

3

இனிமேலும் மறைத்தால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். அந்த ஊறுகாயை அரவிந்தவல்லி போடவில்லை.

அவள் போட்டது ஒரே ஒரு தடவை, 1983இல். பத்தாம் நாள் பூஞ்சை பூத்துவிட்டது. அழுதுகொண்டே அதைக் கொட்டினாள். மறுநாள் ஆபீசில் வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தவளிடம் என்ன ஏது என்று விசாரித்தது நூர்னிசா. அதே கம்பெனியில் துணி சுருட்டுகிற பகுதியில் வேலை. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நூர்னிசாவின் புருஷன் துபாயில் இருந்தான். அங்கே அனுப்ப வேண்டிய விண்ணப்பங்களை அரவிந்தவல்லிதான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடித்துக் கொடுப்பாள். நூர்னிசா பக்கத்துத் தெலுங்கு வீட்டில் ஆவக்காய் போடக் கற்றவள்.

அடுத்த வருஷத்திலிருந்து நூர்னிசா வீட்டில் வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கி, கழுவி, காஸ் துணியால் ஒவ்வொரு துண்டாக ஈரம்போகத் துடைப்பாள். தண்ணீர் ஒரு சொட்டு இருந்தாலும் பூஞ்சை வந்துவிடும் என்பாள். கடுகும் மிளகாயும் கல்லுப்பும் அவளே இடிப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதில் பூண்டு கிடையாது. அதற்கென்று தனி அரிவாள்மனை, தனி ஜாடி, கவிச்சி படாத கரண்டி. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே வாங்கி வைத்திருந்தாள்.

அரவிந்தவல்லி என்ன செய்தாள்? பாட்டிலில் அடைத்தாள். கட்டு போட்டாள். டவுன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்படியில் போட்டது என்று தெரிந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாட்டில் கொல்லைக்குப் போகும். அவளும் பழையபடி 'நீ உட்காரு' ஆகிவிடுவாள்.

'தன் பேர் மறைக்கப்படுவது நூர்னிசாவுக்குத் தெரியுமா?' என்று நான் அம்மாளிடம் கேட்டேன். 'தெரியும். அவ சிரிச்சா' என்றார். இரண்டு தடவையும் அதே பதில். மற்றதெல்லாம் மாறும்போது இது மட்டும் மாறாமல் இருப்பதால் இந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

4

1988. சித்திரையில் பாட்டில்கள் போயின. வைகாசியில் பத்மாசனி இராஜபாளையம் வந்தாள். வந்தவள் காபி குடித்துவிட்டு நேரே அடுப்படிக்குள் போனாள். அங்கே நின்றுகொண்டு இரண்டு கேள்வி கேட்டாள். எண்ணெய் எந்தச் செக்கில் வாங்கினாய்? காயை எந்தத் துணியால் துடைத்தாய்? கேட்டுவிட்டு அரவிந்தவல்லியின் கையையே பார்த்தாள். அரவிந்தவல்லி ஏதோ ஒரு செக்கின் பேரைச் சொன்னாள். அப்படி ஒரு செக் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது.

ஆனி முடிவில் ஹயக்ரீவன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பத்மாசனிக்குக் கொடுத்த பாட்டில். கழுத்துவரை ஊறுகாய். மேலே அதே காஸ் துணி, அதே நூல், அதே முடிச்சு.

"மன்னி குடுத்தா" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ரேடியோவைத் திருப்பப் போய்விட்டார்.

(இந்த மனிதர்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். பத்மாசனி அவரிடம் ஏதாவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆனால் மறதிக்காரரை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். எனவே அவரை விட்டுவிடுகிறேன்.)

பாட்டில் பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருக்கிறது. அரவிந்தவல்லி அப்படித்தான் புரிந்துகொண்டாள். வெறுமையாகத் திருப்பக்கூடாத வீட்டிலிருந்து, கொடுத்ததை அப்படியே திருப்பியிருக்கிறார்கள். வாயால் திட்டியிருந்தால்கூட இத்தனை உறைத்திருக்காது. தொட மாட்டோம் என்று அர்த்தம். யார் சொன்னார்கள்? ஹயக்ரீவனுக்கே விஷயம் தெரியாது. தெலுங்கு வீட்டாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரையும் தெரியாது. மிச்சம் ஒருத்திதான். நூர்னிசாவின் அண்ணன் ஜமால் முகமது ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் வளையல் கடை வைத்திருந்தார். பத்மாசனி வளையல் வாங்குவது அந்தக் கடையில்தான். இது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. சந்தேகப்படுகிறவர்களுக்கு எப்போதும் எல்லாம் சீக்கிரமே தெளிவாகிவிடுகிறது. நானும் அந்த ரகம் என்பதால் சொல்கிறேன்.

மறுநாள் காலை சுருட்டுகிற பகுதிக்கே போனாள். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அண்ணன்கிட்ட சொன்னியா?"

"என்னத்த?"

"ஊறுகாய் உங்காத்துல போட்டதுன்னு."

நூர்னிசா நிமிர்ந்து பார்த்தாள். சொல்லவில்லை என்றாள். சொல்லியிருந்தால்தான் என்ன என்றும் கேட்டாள். அந்தக் கேள்விதான் அரவிந்தவல்லியைத் தூக்கிவாரிப்போட்டது. மற்றப் பெண்களின் கைகள் நின்றுவிட்டன. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்ற பயத்தில் அவள் சத்தமாகவே சொன்னாள்.

"நீ காய் வெட்டிக் குடுத்தே. அவ்வளவுதான். ஊறுகாய் நான் போட்டது."

அதுவரை அவளை 'அரவிந்தா' என்று பேர் சொல்லி வா போ என்று பேசிக்கொண்டிருந்த நூர்னிசா, "சரிங்கம்மா" என்றாள். குனிந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்த பாட்டிலை அரவிந்தவல்லி கட்டைக்கூடப் பிரிக்காமல் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

5

அந்த வருஷம் நவராத்திரிக்குப் போகாமல் இருக்க அவள் சொல்லிப்பார்த்த சாக்குகள் எதுவும் எடுபடவில்லை. போனாள். கொலுவுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பத்மாசனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் போட்டு அனுப்பிச்சேனே, எப்படி இருந்தது? நீ ஒண்ணுமே சொல்லலியே. உன்னோடது பதினஞ்சு நாள்ல தீர்ந்துடுத்து. பாட்டிலை வெறுமனே தரக்கூடாதேன்னு உன்னை மாதிரியே போட்டுப் பார்த்தேன். எண்ணெய், துணியெல்லாம் உன்கிட்ட கேட்டுண்டுதானே போனேன். எனக்கு வரலைதானே? சொல்லு, கோச்சுக்க மாட்டேன்."

பத்மாசனி அவளிடம் மார்க்கு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேங்காய் துருவ விடாத பத்மாசனி.

"நன்னா இருந்தது மன்னி" என்றாள் அரவிந்தவல்லி.

இதைச் சொன்ன இடத்தில் அம்மாள் இரண்டு தடவையும் அழுதார். இதை நான் நம்புகிறேன்.

6

முடிவு, முதல் வகை: அரவிந்தவல்லி அங்கேயே எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். மாமனார், 'எங்களுக்கு எப்பவோ தெரியுமே' என்கிறார். எல்லோரும் நெகிழ்கிறார்கள்.

இதை நான் எழுதி, மறுநாளே கிழித்துப்போட்டேன். இந்த முடிவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு நல்ல பேர் கிடைக்கிறது, அரவிந்தவல்லிக்கு நல்ல பேர் கிடைக்கிறது. நூர்னிசா அந்த அறையிலேயே இல்லை.

முடிவு, இரண்டாம் வகை: அவள் நூர்னிசா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறாள். நூர்னிசா ஒன்றும் பேசாமல் ஒரு பாட்டிலை நீட்ட

இல்லை. நூர்னிசா ஏன் நீட்ட வேண்டும்? இன்னும் எத்தனை பாட்டில்தான் அவள் தருவாள்?

நடந்தது என்று அம்மாள் சொன்னது: அடுத்த சித்திரையில் காய் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வருஷம் கைவலி என்றாள். பிறகு யாரும் கேட்கவில்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. நூர்னிசாவைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முதல் தடவை போனேன் என்றார். இரண்டாம் தடவை, 'எந்த மூஞ்சியை வெச்சுண்டு போவேன்' என்றார்.

7

எனவே நான் போனேன். நூர்னிசா சேத்தூரில் இருந்தார். கதையை, மேலே நீங்கள் படித்த இடம்வரை, கையில் எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் முகம் மாறவில்லை. பத்மாசனி போட்டு அனுப்பிய பாட்டில் என்று வந்தபோது மட்டும் கை கொஞ்ச நேரம் நின்றது. அந்த விஷயம் அவருக்கு இதுவரை தெரியாது.

"அவ அனுப்பி வந்தீகளா, கதைக்கு வந்தீகளா?" என்று கேட்டார்.

கதைக்கு என்று ஒப்புக்கொண்டேன். தன் பேர் மறைக்கப்படுவது தெரிந்து அவர் சிரித்ததாக அம்மாள் சொன்ன அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டேன். "சிரிச்சேன்" என்றார். "பின்ன என்ன செய்யச் சொல்லுதீக?"

அம்மாளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லாதீக. அவ வந்தா வாசல்ல நிறுத்த மாட்டேன். ஆனா நீங்க அனுப்பி வரக்கூடாது. அவளா வரணும்."

நான் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தேன். அப்போது கேட்டார்.

"எம் பேரு எத்தனாவது தாள்ல வருது?"

புரட்டிப் பார்த்தேன். மூன்றாவது தாள்.

"அப்ப மொத ரெண்டு தாளும் அவ போட்ட ஊறுகாய்தானா? நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீக."

கோபமாகச் சொல்லவில்லை. மடித்த துணியை அடுக்கிக்கொண்டே சொன்னார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து திருத்த உட்கார்ந்தேன். முதல் வரியாக எழுதினேன்: 'ஊறுகாயை நூர்னிசா போட்டாள்.' எழுதியதும் இரண்டாம் பகுதி செத்துவிட்டது. ரகசியம் இல்லை, சந்தேகம் இல்லை, எனக்கு எழுதத் தெரிந்த கதை இல்லை. மூன்று நாள் போராடினேன். நான்காம் நாள் அந்த வரியை அடித்துவிட்டு, பழையபடியே விட்டுவிட்டேன். நீங்கள் படித்தது அதைத்தான். முதல் இரண்டு பகுதிகளைப் படித்தபோது நீங்கள் யார் கையைப் பாராட்டினீர்கள்?

கீழ்வீட்டு அம்மாள் தினமும், கதை முடிந்ததா என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். நான் சேத்தூர் போய் வந்ததை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் நான் அனுப்பிப் போனவர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் போகவே மாட்டார். இந்தக் கதை அச்சாகி அவர் கையில் கிடைத்தால், படித்துவிட்டுப் போவது தானாகப் போனதில் சேருமா? எனக்குத் தெரியவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நான் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.