நாற்பத்தொன்றாவது மேற்கோள்

டொக்டர் சோமசேகரத்தை உலகத்தில் நாற்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி எழுபத்தொன்பதாம் ஆண்டு அவர் ஊரான யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு வந்து சேர்ந்தபோது, அது நல்லதோ கெட்டதோ என்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இளைப்பாறிய தலைமையாசிரியர் கனகசபாபதிதான் வாசிகசாலையில் வைத்து விளக்கம் சொன்னார்.

"எங்கடை டொக்டர் இருதயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினவரெல்லே? அதை வெளிநாட்டு டொக்டர்மார் தங்கடை கட்டுரையளிலை எடுத்துச் சொல்லியிருக்கினம். இவ்வளவு பேரெண்டு எண்ணிப் புத்தகமாவே போட்டிருக்கிறாங்கள்!"

"என்ன சொல்லியிருக்கினமாம், மாஸ்டர்?"

"என்ன சொன்னால் உனக்கென்ன? சொல்லியிருக்கினம்!"

அதன்பிறகு கேட்கவா வேண்டும். பாராட்டுச் சபை கூடியது. லண்டனில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள், டொக்டரின் பெயரால் ஏழைகளுக்கு உதவட்டும் என்று, இருதயத் துடிப்பைக் கடதாசியில் கோடாக வரையும் ஈ.சி.ஜி. மெசின் ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

அந்த மெசினைக் கடற்கரை ஊரான குருநகருக்குத் தரும்படி கேட்டவள் யசிந்தா. சோமசேகரத்தின் கீழ் வேலை செய்த டொக்டர். குருநகரில் வள்ளம் வலை வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி சவிரிமுத்துவின் மகள். கேட்டதும் சோமசேகரம் சிரித்தார்.

"பிள்ளை, கடற்கரைச் சனத்துக்கு மாரடைப்பு வாறேல்லை. மீன் சாப்பிடுகினம், உடம்பு முறிய வேலை செய்யினம். அதைத்தானே நான் எழுதினனான். உலகமே எடுத்துச் சொல்லுது. பிறகேன் உங்களுக்கு மெசின்?"

அந்த ஆராய்ச்சி நடந்த விதத்தை யசிந்தா கண்ணால் கண்டவள். பதினொரு வருசத்துக்கு முன் சோமசேகரம் குருநகர்க் கரையில் குடையோடு நின்று, வள்ளத்தால் இறங்கியவர்களின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். எல்லா நெஞ்சும் மேளம்போல் அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? குருநகரில் ஒருவனுக்கு நெஞ்சு நொந்தால் அடுத்த நாள் அவனை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். நடுக்கடலில் விழுந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து. அவன் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துவான், இல்லாவிட்டால் சந்தையில் மீன் நிறுப்பான். அன்றைக்கும் அவள் தகப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டு வலை பொத்தியபடி டொக்டரின் காலடியிலேயே இருந்தார். "கடலுக்குப் போறவை மட்டும் வாங்கோ" என்று சொல்லி, டொக்டர் அவரைக் கடந்து போனார். சுடலையை விட்டுவிட்டு ஊரை எண்ணினால் சாவே இல்லாத ஊர்தான்.

இதையெல்லாம் யசிந்தா இரண்டு வருசத்துக்கு முன் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் ஆதாரத்தோடு எழுதியிருந்தாள். பிழை என்று காட்டுவதற்கு அவர் கட்டுரையின் பெயரைச் சொல்லத்தானே வேண்டும்? சொன்னாள். மேற்கோள் எண்ணுகிற புத்தகத்துக்குத் திட்டினாலும் ஒன்று, கும்பிட்டாலும் ஒன்று. அந்த நாற்பத்தொன்றாவது ஆள் அவள்தான். மற்றவர்கள் எழுதியதையும் தேடிப் படித்தாள். 'ஆராய்ச்சியை எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு யாழ்ப்பாணத்து உதாரணம்' என்பதுதான் அநேகமானவற்றின் சாரம்.

பாராட்டு விழாவில் கனகசபாபதி அவளை மேடைக்கு அழைத்தார். "டொக்டரை மேற்கோள் காட்டின ஒருவர் நேரிலேயே வந்திருக்கிறா!"

யசிந்தா ஒலிவாங்கியைப் பிடித்துப் பச்சைத் தமிழில் சொன்னாள். "சோமசேகரம் சேரின்ரை முடிவு பிழை எண்டு நான் எழுதினனான். அமெரிக்காவிலையும் பிழை எண்டுதான் எழுதியிருக்கினம்."

"அமெரிக்காவிலை!" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். கைதட்டல் கொட்டகையைப் பிய்த்தது. சோமசேகரம் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, அடக்கமாக நிலத்தைப் பார்த்தார்.

மெசின் புத்தூருக்கென்று தீர்மானமாகியது. குருநகருக்குத் தேவையில்லை என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இருப்பதாகக் கனகசபாபதி வருத்தத்தோடு அறிவித்தார். சனிக்கிழமைதோறும் சோமசேகரமே வந்து பார்ப்பார், ஏழைகள் எவரும் வரலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

எவரும் வரலாம் என்றதை யசிந்தா பிடித்துக்கொண்டாள். முதற் சனிக்கிழமை விடியவே இரண்டு வான் வண்டிகள் வாசிகசாலை வாசலில் நின்றன. கடலை விட்டுக் கரையில் ஒதுங்கிய குருநகர் ஆண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள்.

"உவையேன் இஞ்சை?" என்று கனகசபாபதி ஓடிவந்தார். "எங்கடை சனம் ஒண்டும் இன்னும் வரேல்லை, அதுக்கிடையிலை உவை எங்கடை கிணத்தடியிலை நிக்கினம்!"

"தண்ணி குடிக்கினம், மாஸ்டர். மீன் சாப்பிடுற ஆக்களுக்கும் தாகம் எடுக்கும். அதுக்கும் ஆராய்ச்சி வேணுமோ?"

கனகசபாபதி பின்னால் நீளும் வரிசையைப் பார்த்துவிட்டு வாசிகசாலைக் கதவைத் திறந்துவிட்டார்.

முதலில் கட்டிலில் படுத்தவர் சவிரிமுத்து. மெசின் கிறுகிறுவென்று கடதாசியைத் துப்பியது. சோமசேகரம் அதை அலட்சியமாகத்தான் தூக்கினார். பிறகு கண்ணாடியைப் போட்டார். பிறகு யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மனிதர் ஆராய்ச்சியில் எப்படியிருந்தாலும் கோடு வாசிக்கத் தெரிந்தவர். என்றைக்கோ வந்துபோன மாரடைப்பின் தடம் அதில் கிடந்தது.

"ஐயா, கடலுக்குப் போறனீங்களோ?"

"நெஞ்சு நொந்த நாளிலையிருந்து போறேல்லை, ராசா."

சோமசேகரத்தின் முகம் தெளிந்தது. "பாத்தியோ பிள்ளை, இவர் கடற்றொழிலாளியில்லை. என்ரை முடிவுக்கு இவராலை ஒரு பங்கமுமில்லை."

வாய் அப்படிச் சொல்ல, கை சவிரிமுத்துவுக்கு மருந்து எழுதியது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படியும் எழுதியது. தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியது.

யசிந்தா அந்த மருந்துத் துண்டை வாங்கினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த 'இல்லை'யை வெட்டி, மேலே 'கடற்றொழில்' என்று எழுதினாள். தகப்பனைக் கைத்தாங்கலாக வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடுத்த ஆள் வாங்கோ. போட்டிருக்கிற சேட்டைக் கழட்டிக்கொண்டு வாங்கோ, டொக்டர் சேர் எல்லாரையும் பாக்காமல் இண்டைக்கு எழும்பமாட்டார்."